படலம் குறைவு, சேதம் அதிகம்: அறிகுறியற்ற வைரஸ் தொற்றை ஈறு காட்டிக்கொடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் நோயாளி உண்மையில் வாழும் ஒருவர் அல்லர். பல் மருத்துவர்களும் தாதியரும், இத்துறையில் அக்கறையுள்ள வாசகர்களும் படிப்படியாகப் பின்தொடர்வதற்காக அமைத்துக்கொண்ட நிகழ்வு இது. அளவுகளும் சோதனை முடிவுகளும் இப்படிப்பட்ட நோயாளியிடம் எதிர்பார்க்கக்கூடியவை. சிகிச்சை முறையும் மருந்தளவுகளும் வழக்கத்தில் உள்ளவை.

வந்தவர்

36 வயது ஆண், சிங்கப்பூரர். வீடு உட்லண்ட்ஸில், வேலை துவாஸில் ஒரு கிடங்கில், பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். மணமாகவில்லை, அம்மாவுடன் இருக்கிறார். நாளுக்கு ஆறேழு சிகரெட். நீரிழிவு இல்லை, மருந்து ஒவ்வாமை இல்லை, தொடர்ந்து சாப்பிடும் மாத்திரை எதுவும் இல்லை. பதிவுப் படிவத்தில் நோய்கள் கேட்ட இடத்திலெல்லாம் ‘இல்லை’ என்று டிக் செய்திருக்கிறார்.

பத்து நாளாகக் கீழ் முன்பற்களைச் சுற்றி வலி. பல் துலக்காதபோதும் ரத்தம் வருகிறது. எழுந்திருக்கும்போது தலையணை உறையில் கறை. வாயில் இரும்பைச் சுவைத்ததுபோல் ஒரு ருசி. துர்நாற்றத்தை அவரே உணர்கிறார், பக்கத்தில் வேலை செய்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் கவனித்திருக்கிறார்.

இரண்டு மாதத்துக்கு முன்பு லேசாக ரத்தம் கசிந்தபோது பேட்டையிலுள்ள ஒரு பல் மருந்தகத்தில் ஸ்கேலிங் (பற்காரையை நீக்கும் சுத்திகரிப்பு) செய்துகொண்டார். ஒரு வாரம் நன்றாக இருந்தது. திரும்ப வந்தபோது வேறோர் இடத்தில் ஐந்து நாளுக்கு அமாக்சிசிலின் கொடுத்தார்கள். வலி பாதி குறைந்தது. மாத்திரை தீர்ந்த நாலாம் நாளே பழையபடி ஆனது. வீட்டில் ‘உடம்புச் சூடு’ என்று முடிவாகிவிட்டது. இளநீர், ஊறவைத்த வெந்தயம், படிகார நீரில் கொப்பளிப்பு, போதாததற்குக் கிராம்பு எண்ணெய்.

கிராம்பு எண்ணெயைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். சொத்தைப் பல்லின் குழிக்குள் பஞ்சில் நனைத்து வைத்தால் வலியை மட்டுப்படுத்தும் பொருள்தான் அது. கலக்காமல் ஈறில் நேரடியாகத் தடவினால் மேல்தோலைப் பொசுக்கி, வெள்ளை ஆடையாக உரியவைக்கும். அந்த வெள்ளையைப் பார்த்து நோயின் அழுகல் படலம் என்றோ பூஞ்சை என்றோ மருத்துவர் தவறாக எடைபோட முடியும். ஆகவே ‘வீட்டில் என்ன போட்டீர்கள், எங்கே போட்டீர்கள், கடைசியாக எப்போது’ என்ற கேள்வி முதலிலேயே வந்துவிடுவது நல்லது. இவர் கடைசியாகத் தடவி மூன்று நாளாகிறது. தடவியது கடைவாய்ப் பக்கம். முன்பற்களில் தெரிந்தது எண்ணெயின் வேலை அல்ல.

எடை நான்கு மாதத்தில் நாலு கிலோ குறைந்திருக்கிறது. இரவு வேலையால்தான் என்கிறார். இதைத் தானாக அவர் சொல்லவில்லை. இடுப்பு வாரில் புதுத் துளை போட வேண்டியிருந்ததா என்று கேட்டபோது வந்த பதில்.

வாய்க்குள்

உடல் வெப்பம் 37.4 டிகிரி. தாடைக்கடியில் இருபுறமும் நிணநீர்க் கட்டிகள் கைக்குத் தட்டுப்படுகின்றன, அழுத்தினால் வலிக்கின்றன. கழுத்தின் பின்பக்கமும் இரண்டு சிறிய கட்டிகள், அவற்றில் வலியில்லை. ஈறு அழுகல் மட்டுமே காரணமென்றால் தாடைக்கடிக் கட்டிகள் போதும். பின்கழுத்துக் கட்டிகளுக்கு வேறு கணக்கு வேண்டும்.

கீழ்த்தாடையில் 33 முதல் 43 வரை (பல் மருத்துவர்கள் பற்களுக்கு இடும் எண்கள்; இடது கோரைப்பல்லிலிருந்து வலது கோரைப்பல்வரை ஆறு முன்பற்கள்), பற்களுக்கிடையே கூம்பாக நிற்க வேண்டிய ஈறு முனைகள் இல்லை. அவை இருந்த இடத்தில் ஐஸ்கிரீம் கரண்டியால் வழித்தெடுத்தாற்போன்ற குழிகள். குழிகளின்மேல் சாம்பல் கலந்த மஞ்சள் படலம். ஈரப் பஞ்சால் தொட்டால் வழன்று வருகிறது, அடியில் பச்சைப் புண், உடனே ரத்தம். மேல் முன்பற்களில் ஈறு முனைகள் இருக்கின்றன, ஆனால் ஈறு விளிம்பை ஒட்டி 2 மி.மீ. அகலத்தில் சிவப்புக் கோடு.

பற்களில் படிந்திருந்த பாக்டீரியாப் படலம் (புண்ணின் மேலிருந்த படலம் வேறு) மிதமானது. கீழ் முன்பற்களின் உட்புறம் கொஞ்சம் காரை, அதாவது கெட்டிப்பட்ட படலம். இரண்டு மாதத்துக்கு முன்புதான் ஸ்கேலிங் ஆகியிருக்கிறது. புகை, தூக்கமின்மை இரண்டையும் சேர்த்தாலும் இந்தச் சேதத்துக்குக் கணக்கு இடிக்கிறது.

அடுத்து ப்ரோப், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள பையின் ஆழத்தை அளக்கும் மெல்லிய கருவி. இந்த நோயை அளக்கும்போது பலரும் வழுக்குகிற இடம் இதுதான். சாதாரண ஈறுநோயில் ஈறு பெரும்பாலும் தன் இடத்தில் நிற்க, உள்ளே எலும்பு இறங்கும். ஆகவே ஈறுப்பை ஆழமாகும். திசு அழுகும் ஈறுநோயில் எலும்போடு ஈறும் சேர்ந்தே போய்விடுகிறது. பை ஆழமாக வாய்ப்பே இல்லை. 31க்கும் 41க்கும் நடுவில் ப்ரோப் காட்டியது 3 மி.மீ. மட்டும். உருண்டை முனையுள்ள ப்ரோப்பில் 3.5 மி.மீ.யில் தொடங்கும் கறுப்புப் பட்டை முழுசாக வெளியே தெரிகிறது, காரையும் இருக்கிறது; விரைவுச் சோதனைக் குறியீட்டின்படி இது வெறும் 2. ‘சுத்தம் செய்து, துலக்கும் முறை சொல்லிக்கொடுத்தால் போதும்’ என்று அர்த்தம். முந்தைய மருந்தகத்தில் கையை நிறுத்தியதற்கு இந்த எண் காரணமாக இருந்திருக்கலாம்.

முழுக் கணக்கு இப்படி: பல்லின் எனாமல் முடியும் கோட்டிலிருந்து ஈறு விளிம்புவரை 4 மி.மீ. இறக்கம், அதோடு பை 3 மி.மீ.; பிடிப்பிழப்பு, அதாவது பல்லைப் பிடித்திருந்த திசு இறங்கிய மொத்த அளவு, 7 மி.மீ. வேர்முனைவரை எடுத்த எக்ஸ்ரேயிலும் 31, 41 இடையே எலும்பு முகடு அந்தக் கோட்டிலிருந்து 8 மி.மீ. கீழே. நலமான வாயில் அந்த இடைவெளி 1 முதல் 2 மி.மீ. 36, 46 கடைவாய்ப் பற்களில் எலும்பு ஒழுங்காக இருக்கிறது. சேதம் ஈறோடு நிற்காமல் எலும்பையும் பிடித்துவிட்டதால், இது அழுகல் ஈறழற்சி என்ற நிலையைத் தாண்டி அழுகல் பெரியோடான்டைட்டிஸ். எலும்பு வெளியே தெரியும் இடம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அன்றே மருத்துவமனை.

முன்பற்களின் வலி எல்லாக் கவனத்தையும் இழுத்துக்கொள்ளும் நேரம் இது. அப்போதும் நாக்கை வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். காஸ் துணியால் நுனியைப் பிடித்து ஒரு பக்கம் திருப்பினால், இடது ஓரத்தில் செங்குத்தான வெள்ளை வரிகள், சுருக்கம் விழுந்த துணிபோல. துடைத்தால் போகவில்லை, வலியும் இல்லை. இப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. ‘ஹேரி லூக்கோபிளாக்கியா’ எனப்படும் இதற்குக் காரணம் எப்ஸ்டீன்-பார் வைரஸ். நோய் எதிர்ப்பாற்றல் தளர்ந்தவரிடமே பெரும்பாலும் தலைகாட்டும். அண்ணத்தில் ஊதா நிறப் புள்ளியோ, கன்னத்தில் துடைத்தால் போகும் பூஞ்சையோ இல்லை.

எந்த வைரஸைத் தேடுவது

அறிகுறியே இல்லாமல் உடலில் தங்கி ஈறைப் பாதிக்கக்கூடிய வைரஸ் ஒன்றிரண்டல்ல. எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்கத் தேவையில்லை. இந்த ஆய்வின் நிலைப்பாடு இது: எந்த வைரஸின் சோதனை முடிவு சிகிச்சையை மாற்றுமோ அதைத் தேடுங்கள். மற்றது ஆராய்ச்சிக்கூடத்துக்கு.

ஹெர்பிஸ் குடும்பத்திலிருந்து தொடங்கலாம், இணையத்தில் இதைப் பற்றித்தான் அதிகம் படித்துவிட்டு வருகிறார்கள். எப்ஸ்டீன்-பார் வைரஸ் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இருக்கிறது. சைட்டோமெகலோ வைரஸும் ஆசியாவில் மிகப் பரவலானது. சிறு வயதில் ஒட்டிக்கொண்டு, வெள்ளையணுக்களில் ஒளிந்து, ஆயுள் முழுவதும் கூடவே இருக்கும். 1990களின் நடுவிலிருந்து யோர்கன் ஸ்லாட்ஸ், அடோல்ஃபோ கொன்ட்ரேராஸ் போன்றோர், ஆழமான ஈறுப்பைகளில் இந்த இரண்டு வைரஸ்களின் மரபுப்பொருள் கூடுதலாகக் கிடைப்பதைக் காட்டிவந்தார்கள். அவர்கள் வைத்த விளக்கம் ஏற்கத்தக்கதாகவே இருக்கிறது: ஈறில் அழற்சி வந்தால் வைரஸ் சுமக்கும் வெள்ளையணுக்கள் அங்கே குவிகின்றன, வைரஸ் விழித்துப் பெருகுகிறது, பாக்டீரியாவை விழுங்கும் அணுக்களின் திறன் மங்குகிறது, எலும்பைக் கரைக்கத் தூண்டும் சமிக்ஞைப் பொருள்கள் கூடுகின்றன, பாக்டீரியா இன்னும் பெருகுகிறது. ஆனால் அழற்சி இருப்பதால் வைரஸ் வந்ததா, வைரஸ் வந்ததால் அழற்சி முற்றியதா என்ற முடிச்சு முழுதாக அவிழவில்லை. பையிலிருந்து திரவம் எடுத்துப் பிசிஆர் செய்து ‘எப்ஸ்டீன்-பார் இருக்கிறது’ என்று அறிக்கை வந்தால், நோயாளிக்கு நாம் செய்யப்போவது அதே சுத்திகரிப்புதான். வைரஸ் எதிர்ப்பு மாத்திரை ஈறுநோய்க்கான வழக்கமான சிகிச்சையில் இல்லை. பணம் கட்டி அந்தச் சோதனை செய்யும்படி யாருக்கும் சொல்வதற்கில்லை.

ஹெப்படைட்டிஸ் பி வேறு கதை. சிங்கப்பூரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி என்பது 1987இல் வந்தது. அதற்கு முந்திப் பிறந்தவர்களிலும், பிற நாடுகளில் வளர்ந்து இங்கு வந்தவர்களிலும் தெரியாமலே சுமப்பவர்கள் உண்டு. அது ஈறை நேரடியாகத் தின்பதில்லை. ஈரல் சுருங்கி, ரத்தம் உறையவைக்கும் புரதங்களும் தட்டணுக்களும் குறையும்போது ஈறில் ரத்தம் நிற்காமல் கசியும். ஹெப்படைட்டிஸ் சி தொற்றோடு வாயில் லைக்கன் பிளேனஸ் சேர்ந்து காணப்படுவதுண்டு. ஈறு முழுவதும் சிவந்து, தோலுரிந்து, காரம் பட்டால் தீயாய் எரியும். அதில் ஈறு முனைகள் குழிவிழாது.

டெங்கியையும் இந்த ஊரில் மறக்க முடியாது. ஓரிரு நாள் காய்ச்சலோடு திடீரென ஈறில் ரத்தம் என்று ஒருவர் வந்தால் ஸ்கேலிங் நாற்காலியில் உட்காரவைக்காமல் தட்டணு எண்ணிக்கை பார்க்க அனுப்ப வேண்டும், ஐபுப்ரோஃபென் கொடுக்கக் கூடாது. இவருக்குப் பத்து நாளாக ஓரிடத்தில் அழுகல், காய்ச்சல் என்று சொல்ல ஒன்றுமில்லை. பொருந்தவில்லை. முதன்முறை வரும் ஹெர்பிஸ் வாய்ப்புண் என்றால் உதடு, நாக்கு, அண்ணம் எங்கும் சிறு கொப்புளங்கள் இருந்திருக்கும்.

மிஞ்சுவது எச்ஐவி. தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரத்தில் சளிக்காய்ச்சல்போல வந்து போகும். சிலருக்கு அதுவும் தெரியாது. சிகிச்சை இல்லாமல் விட்டாலும் சராசரியாகப் பத்தாண்டு வெளியே ஒன்றும் காட்டாது. ஆனால் அந்த அமைதியான காலம் முழுக்க, எதிர்ப்பாற்றலை வழிநடத்தும் வெள்ளையணுக்களான சிடி4 அணுக்கள் கரைந்துகொண்டே இருக்கும். ஈறு விளிம்பு எந்நேரமும் பாக்டீரியாவோடு உரசும் எல்லை. அங்கே பாக்டீரியாவை விழுங்கும் நியூட்ரோஃபில் அணுக்களைத் தேவைக்கேற்ப வரவழைப்பதில் சிடி4 வகையிலேயே ஒரு பிரிவான டிஎச்17 அணுக்களுக்குப் பெரிய பங்கு. சளிச்சவ்வுகளிலுள்ள இந்தப் பிரிவை எச்ஐவி குறிவைத்து அழிக்கிறது. காவல் தளர்ந்ததும் சுருள்வடிவ பாக்டீரியாக்களான ஸ்பைரோகீட்டுகளும் ஃபியூசோபாக்டீரியாவும் படலத்தோடு நிற்காமல் திசுவுக்குள்ளேயே இறங்கிவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மேக்ஸ் லிஸ்ட்கார்ட்டன் 1965இல் காட்டியது இதைத்தான்: புண்ணுக்கு அடியில், இன்னும் அழுகாத திசுவுக்குள்ளும் கால் மில்லிமீட்டர் ஆழம்வரை ஸ்பைரோகீட்டுகள்.

ஈறுநோய்களை வகைப்படுத்த 2017இல் நடந்த உலகப் பட்டறை, அழுகல் ஈறுநோய் வரும் பெரியவர்களில் எதிர்ப்பாற்றல் கடுமையாகக் குலைந்தோரைத் தனிப் பிரிவாக வைத்தது. சிடி4 எண்ணிக்கை 200க்குக் கீழ் இருந்து, ரத்தத்தில் வைரஸும் தென்படும் எச்ஐவி நோயாளிகள் அதில் முதல் வரிசை. அதற்காக அழுகல் ஈறுநோய் வந்தவரெல்லாம் எச்ஐவி உள்ளவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தேர்வுக்கு விழித்திருக்கும் மாணவர், புகைபிடிக்கும் தேசிய சேவையாளர், சரியாகச் சாப்பிடாதவர் யாருக்கும் வரலாம். இவரிடம் சந்தேகத்தை இறுக்கியவை நான்கு: சிகிச்சைக்குப் பிறகும் திரும்பி வந்தது, எலும்புவரை போனது, நாக்கின் ஓரம், பின்கழுத்துக் கட்டிகள். லுக்கீமியாவும் (ரத்தப் புற்றுநோய்) இதே முகத்தோடு வரக்கூடும் என்பதால் முழு ரத்த எண்ணிக்கையும் அதே நாளில் தேவை.

முதல் நாள் செய்தது

முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதேபோல் முதல் நாளே ஆழச் சுத்திகரிப்பில் இறங்கவும் கூடாது. வலியில் துடிக்கும் ஈறில் சுரண்டும் கருவியான கியூரெட்டை இறக்கினால் பாக்டீரியா ரத்தத்தில் ஏறும், நோயாளி மறுபடி வரமாட்டார்.

மேற்பூச்சு மரப்பு ஜெல் இரண்டு நிமிடம். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் வெதுவெதுப்பான நீரும் சம அளவில் கலந்து, அதில் நனைத்த பஞ்சால் படலத்தை ஒற்றி எடுத்தல், தேய்க்கவில்லை. அல்ட்ராசோனிக் கருவி குறைந்த சக்தியில், தண்ணீர் தாராளமாக, ஈறுக்கு மேலே உள்ள காரைக்கு மட்டும். கீழ் முன்பற்கள் ஆறுக்கும் சேர்த்துப் பதினைந்து நிமிடம். பணியாளர் பாதுகாப்புக்காகத் தனியாக எதையும் மாற்றவில்லை. எல்லா நோயாளிக்கும் போடும் கையுறை, முகக்கவசம், கண்ணாடி, உறிஞ்சி அவையே. எச்ஐவி சந்தேகம் என்று இரட்டைக் கையுறை போட்டுக் கடைசி நோயாளியாக உட்காரவைப்பது அறிவியலுக்கும் பொருந்தாது, அவருக்கும் புரிந்துவிடும்.

மருந்து: மெட்ரோனிடசோல் 400 மி.கி., நாளுக்கு மூன்று வேளை, மூன்று நாள். முந்தைய அமாக்சிசிலின் ஏன் முழுதாக வேலை செய்யவில்லை என்றால், அப்போது புண் சுத்தம் செய்யப்படவில்லை. படலம் அப்படியே இருக்க, மாத்திரை மட்டும் போனது. எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கலாம் என்று சந்தேகிக்கும் வாயில் பரந்த வீச்சுள்ள ஆன்டிபயாட்டிக்கை நீட்டிக் கொடுத்தால் பூஞ்சை கிளம்பும். காற்றில்லா பாக்டீரியாவை மட்டும் தாக்கும் மெட்ரோனிடசோல் அதனால்தான் முதல் தேர்வு. மாத்திரை முடிந்து 48 மணி நேரம்வரை பீர் உட்பட மது கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவராக இருந்தால் அதன் வீரியம் ஏறிவிடும் என்பதால் அதையும் கேட்டாயிற்று.

கொப்பளிக்க 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடின், 10 மி.லி., ஒரு நிமிடம், காலை இரவு. பற்பசை போட்டுத் துலக்கியிருந்தால் அரைமணி நேரம் கழித்து. பற்பசையிலுள்ள நுரைப்பொருள் குளோர்ஹெக்சிடினைச் செயலிழக்கச் செய்யும். இரண்டு வாரத்துக்கு மேல் போனால் பல் பழுப்பேறும், டீ காபி அதிகம் குடிப்பவருக்கு இன்னும் சீக்கிரம். கடையில் 0.12 சதவீதம் கிடைத்தால் 15 மி.லி., அரை நிமிடம். வலிக்குப் பாராசிட்டமோல் 1 கிராம், ஆறு மணிக்கு ஒருமுறை, நாளுக்கு 4 கிராமுக்கு மேல் போகாமல். மிக மென்மையான பிரஷ். கிராம்பு எண்ணெய், படிகாரம் இரண்டையும் நிறுத்தியாயிற்று. உப்பு நீருக்குத் தடையில்லை.

சோதனையைப் பற்றிப் பேசியது

மருந்தைவிட இந்தப் பேச்சுதான் கடினம். கதவைச் சாத்திவிட்டு, அம்மா வெளியே அமர்ந்திருக்கிறார் என்பதை நினைவில் வைத்து, குரலைத் தாழ்த்திப் பேச வேண்டியது. இப்படிப் போகலாம்:

“உங்க ஈறுல இருக்கற அழுக்குக்கு இவ்வளவு சேதம் வரக்கூடாது. உடம்போட எதிர்ப்புச் சக்தி இறங்கியிருக்கான்னு ரத்தத்துல பாக்கணும். ரத்த அணு எண்ணிக்கை, சர்க்கரை, ஹெப்படைட்டிஸ், எச்ஐவி, நாலும்.”

“எச்ஐவியா? நான் அந்த மாதிரி ஆள் இல்ல டாக்டர்.”

“நீங்க எந்த மாதிரி ஆள்னு நான் யோசிக்கவே இல்ல. இந்த மாதிரி ஈறு யாருக்கு இருந்தாலும் இந்த நாலையும் எழுதுவேன்.”

“அம்மாகிட்ட சொல்வீங்களா?”

“மாட்டேன். முடிவை உங்ககிட்டதான் சொல்வாங்க. நீங்க சொல்லாம யார்கிட்டயும் போகாது. சட்டப்படி அரசாங்கச் சுகாதார அமைப்புக்கு மட்டும் தெரிவிக்கணும், அது டாக்டரோட கடமை.”

பாலுறவு பற்றிய கேள்விகள் இந்தக் கட்டத்தில் வேண்டாம். அறிகுறியைக் காரணமாகக் காட்டுவது உண்மையும்கூட, ஒருவரை ஒத்துக்கொள்ள வைப்பதும் அதுதான். அரசாங்கத்துக்குத் தெரிவிக்கும் கடமையை மறைத்துவிட்டு ‘யாருக்கும் தெரியாது’ என்று சொல்வது பிறகு நம்பிக்கையைக் கெடுக்கும். தயங்குபவருக்குப் பெயர் கொடுக்காமல் சோதித்துக்கொள்ளும் மையங்கள் இங்கே உண்டு. இதே நாற்காலியில் வொர்க் பெர்மிட்டில் உள்ள ஊழியர் இருந்தால், முடிவு அவருடைய வேலை அனுமதியைப் பாதிக்கக்கூடும் என்பதையும் சோதனைக்கு முன்பே சொல்லியாக வேண்டும். சொல்லாமல் ரத்தம் எடுக்கவைப்பது நேர்மையல்ல.

வீட்டிலேயே செய்துகொள்ளும் கிட் போதாதா என்று கேட்பார்கள். ஈறோரம் குச்சியால் ஒருமுறை வழித்து எடுக்கும் வகை, திரவத்திலுள்ள எதிர்ப்புப் புரதத்தைத்தான் காட்டும். தொற்றி மூன்று மாதம் ஆகாதவரிடம் அது தவறவிடலாம். நான்காம் தலைமுறை ரத்தச் சோதனை வைரஸின் பி24 புரதத்தையும் சேர்த்துப் பார்ப்பதால் 45 நாளில் நம்பகமான விடை தரும். இப்போது ஈறு இருக்கும் நிலையில் குச்சி வைத்து வழிப்பதும் கொடுமை.

பலதுறை மருந்தகத்துக்கு எழுதிய கடிதத்தில் ‘ரத்தப் பரிசோதனை செய்யவும்’ என்று மட்டும் இருந்தால் சர்க்கரையும் ஹீமோகுளோபினும் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எழுத வேண்டியது ஏறக்குறைய இவ்வளவு: ‘36 வயது. 33-43 பகுதியில் அழுகல் பெரியோடான்டைட்டிஸ், பிடிப்பிழப்பு 7 மி.மீ., படலத்தின் அளவுக்குப் பொருந்தாத சேதம். நாக்கின் இடது ஓரத்தில் துடைத்தால் போகாத வெள்ளை வரிகள், ஹேரி லூக்கோபிளாக்கியா ஐயம். பின்கழுத்து நிணநீர்க் கட்டிகள், 4 கிலோ எடையிழப்பு. எதிர்ப்பாற்றல் குறைவை விலக்க வேண்டும். எச்ஐவி ஆன்டிஜென்-ஆன்டிபாடி சோதனை, வெள்ளையணு வகைவாரியாக முழு ரத்த எண்ணிக்கை, எச்பிஏ1சி, ஹெப்படைட்டிஸ் பி, சி தேவை. நோயாளியிடம் விளக்கப்பட்டது, ஒப்புக்கொண்டுள்ளார்.’ உறையை ஒட்டி அவர் கையிலேயே கொடுப்பது நல்லது. வரவேற்பு மேசையில் அம்மாவிடம் நீட்டிவிடக் கூடாது.

முடிவும் தொடர்ச்சியும்

மூன்றாம் நாள்: வலி பெரும்பாலும் போய்விட்டது, படலம் மெலிந்துவிட்டது. அழுகல் ஈறுநோய் இப்படி வேகமாகத் தணியும். நோயாளிகள் காணாமல் போவதும் இந்தக் கட்டத்தில்தான். இரண்டாம் முறை அல்ட்ராசோனிக், கொஞ்சம் உள்ளே. ஏழாம் நாள் மரப்பூசி போட்டு ஈறுக்கடியில் முழுச் சுத்திகரிப்பு. அதற்கு முன்பே ரத்த எண்ணிக்கை கைக்கு வந்துவிட்டது: வெள்ளையணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 3,800, அவற்றில் நியூட்ரோஃபில் 2,400, லிம்ஃபோசைட் 900. தட்டணுக்கள் 172,000. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.6 சதவீதம். லுக்கீமியா இல்லை, ஆழமாகச் சுத்தம் செய்யத் தடையும் இல்லை. லிம்ஃபோசைட் 1,000க்குக் கீழ் இருப்பது மட்டும் உறுத்தியது.

எச்ஐவி முதற்சோதனை எதிர்வினை காட்டியது, உறுதிச் சோதனையும் அதையே சொன்னது. தேசியத் தொற்றுநோய்த் தடுப்பு நிலையத்துக்கு அனுப்பப்பட்டார். சிடி4 எண்ணிக்கை 142. ரத்தத்தில் வைரஸ் மில்லிலிட்டருக்கு 210,000 பிரதி. ஹெப்படைட்டிஸ் பி, சி இரண்டும் இல்லை. அதாவது, ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று நம்பிக்கொண்டிருந்தவர் ஏற்கெனவே தாமதமான கட்டத்தில் இருந்தார். சிங்கப்பூரில் புதிதாகக் கண்டறியப்படுவோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் இப்படித்தான், ஆண்டுக்காண்டு கொஞ்சம் கூடிக் குறையும். ஈறு முந்திக்கொண்டதால் நிமோனியாவோடு அவசரப் பிரிவுக்குப் போகாமல் தப்பினார்.

எச்ஐவியை அடக்கும் டோலுடெக்ராவிர் அடிப்படையிலான கூட்டு மருந்து தொடங்கியது. சிடி4 எண்ணிக்கை 200க்குக் கீழ் என்பதால் நிமோனியாவைத் தடுக்கக் கோட்ரைமாக்சசோலும். பல் மருத்துவர் இங்கே கவனிக்க வேண்டியவை சில. கால்சியம், இரும்பு மாத்திரையோ அமிலமுறிவு மருந்தோ டோலுடெக்ராவிரை உறிஞ்சவிடாமல் பிடித்துக்கொள்ளும். அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போதான் அதைச் சாப்பிட வேண்டும். ‘ஈறு பலமாகட்டும்’ என்று அம்மா வாங்கித் தரும் கால்சியம் மாத்திரையும் இதில் அடங்கும். வேறு கூட்டு மருந்தில் ரிட்டோனாவிரோ கோபிசிஸ்டாட்டோ இருந்தால், வாய்ப்புண்ணுக்குப் பூசும் வலுவான ஸ்டீராய்டும், பயத்தைத் தணிக்கக் கொடுக்கும் மிடசோலமும் உடலில் தேங்கிவிடும். கோட்ரைமாக்சசோல் சிலருக்கு வெள்ளையணுக்களைக் குறைக்கும், தோலிலும் வாயிலும் கடுமையான ஒவ்வாமைப் புண் வரவைக்கும். புதிதாக வாய்ப்புண் கண்டால் அதையும் ஈறுநோயின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் எதிர்ப்பாற்றல் மீளும்போதே அழற்சி ஒருமுறை கிளர்ந்தெழலாம். அப்போது ஆறாம் வாரத்துக்குக் குறித்த வருகையை முன்னுக்கு இழுக்க வேண்டும். இவருக்கு அப்படி எதுவும் ஆகவில்லை.

மூன்றாம் மாதம் வைரஸ் 50 பிரதிக்குக் கீழ், சிடி4 எண்ணிக்கை 260. நாக்கின் வெள்ளை வரிகள் மறைந்துவிட்டன; எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கென்று ஒரு மாத்திரையும் கொடுக்காமலே. ஈறுப்பைகள் எல்லாம் 3 மி.மீ.க்குள், தொட்டால் ரத்தம் வருவது இரண்டே இடத்தில். மேல் முன்பற்களிலிருந்த சிவப்புக் கோடும் இல்லை. பராமரிப்பு வருகை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சிகரெட் நாளுக்கு இரண்டாகக் குறைந்திருக்கிறது, முழுதாக நிற்கவில்லை.

திரும்பி வராதது ஈறு முனைகள். 32க்கும் 42க்கும் இடையே மூன்று கறுப்பு முக்கோண இடைவெளிகள் இருக்கின்றன, அங்கே சோறும் கீரையும் மாட்டுகின்றன. ஃபிளாஸ் நூல் குழிவான வேர்ப்பரப்பைத் தொடுவதில்லை என்பதால் பயனில்லை. இடைவெளிக்குச் சற்று இறுக்கமாகப் போகும் பல்லிடை பிரஷ்தான் சரி. 0.5 மி.மீ. கம்பியில் தொடங்கி, தளர்வாகத் தெரிந்ததும் 0.6க்கு மாற்றியிருக்கிறார். முன்பக்கத்திலிருந்து நுழைத்து நாலைந்து முறை இழுக்க வேண்டும், இரவில் ஒருமுறை போதும். உணவு தொடர்ந்து தங்கி அந்த இடம் மீண்டும் சிவந்தால், குழியின் விளிம்புகளைச் சீராக்கும் சிறு ஈறு அறுவை சிகிச்சை செய்யலாம். அறுவை சிகிச்சை என்பதால் மெடிசேவ் (சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பயன்படுத்த வழியுண்டு. பல் நிற காம்போசிட் வைத்து இடைவெளியை மூடுவதற்கு அது கிடைக்காது, கையிலிருந்துதான் கட்ட வேண்டும். சிகரெட்டை முழுதாக நிறுத்தி அடுத்த இரண்டு பராமரிப்பு வருகைகளில் ரத்தக் கசிவு இல்லாமல் இருந்தால் காம்போசிட் செய்வது என்று பேசி வைத்திருக்கிறது.